லண்டனில் நிற்கும் சிவிக் டைப் ஆர் காரைப் பந்தயத் தடத்துக்கென்று மட்டும் மட்டக்களப்புக்கு இறக்க வழி உண்டா?

கல்லடிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லடியில் அப்பாவின் கராஜில் எட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். என் மூத்த அண்ணன் லண்டனில் இருக்கிறார். அவரிடம் 2004 ஆம் ஆண்டின் ஹொண்டா சிவிக் டைப் ஆர் ஒன்று உள்ளது. இங்கிலாந்தின் சுவிண்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஈபி3 வகை, 1,998 கன சென்றிமீற்றர் என்ஜின், வலப்பக்கச் சுக்கான். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கடந்த நான்கு வருடங்களாக அதை பிராண்ட்ஸ் ஹட்ச் போன்ற தடங்களில் மட்டுமே ஓட்டி வருகிறார். இப்போது வேறு கார் வாங்க இருப்பதால், இதை விற்காமல் எனக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்கிறார்.

இலங்கையில் அதை வீதியில் ஓட்டும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. இலக்கத் தகடும் வேண்டாம், வருட வரிப் பத்திரமும் வேண்டாம். கராஜில் வைத்துப் பராமரித்து, போட்டி நடக்கும்போது லொறியில் ஏற்றிக் கட்டுக்குருந்தைப் பந்தயத் தடத்துக்கோ நுவரெலியாவின் மகாகஸ்தொட்டை மலையேற்றத்துக்கோ கொண்டுபோய், முடிந்ததும் லொறியிலேயே திருப்பிக் கொண்டுவருவேன். வீதிக்கு வராத காருக்கு வீதிக்கான சட்டங்கள் எதற்கு என்பதுதான் என் மனதில் உள்ள கேள்வி.

கொழும்பில் உள்ள ஒரு முகவர், ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று ஆவணத்தில் எழுதினால் வயதுக் கட்டுப்பாடும் பொருந்தாது, வரியும் குறையும் என்று சொல்லி, ஐந்து இலட்சம் ரூபா முற்பணம் கேட்டிருக்கிறார். அப்பா பொறுத்துப் பார் என்கிறார். அண்ணனோ அவுஸ்திரேலியாவில் இப்படி ஒரு வகை அனுமதி இருப்பதாகத் தன் நண்பர் ஒருவர் சொன்னதை வைத்து நம்பிக்கையோடு இருக்கிறார். பணம் கட்டுவதற்கு முன் விடயம் தெரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். இது உண்மையில் நடக்கக்கூடியதா? நடக்காதென்றால் எந்த இடத்தில் தடைப்படும்?

கல்முனைத் தரகர் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்புத் துறைமுகத்தில் பொருள் விடுவிக்கும் வேலை செய்தவன். முதலில் சொல்ல வேண்டியது, அந்த முற்பணத்தைக் கட்ட வேண்டாம். இலங்கைச் சுங்கத்தில் ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று எழுதினால் திறக்கும் கதவு எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்பதை நீங்கள் விளங்கிக்கொண்டால், நாளைக்கு வேறொருவர் வேறு விதமாகச் சொல்லும்போதும் ஏமாற மாட்டீர்கள். உலகம் முழுவதும் சுங்கத் திணைக்களங்கள் பொருட்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் ஒத்திசைவுக் குறியீட்டில், கார்கள் 87.03 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. ஆட்களை ஏற்றிச் செல்வதற்கென முதன்மையாக வடிவமைக்கப்பட்ட மோட்டார் வாகனங்கள் என்று தொடங்கும் அந்தத் தலைப்பின் வாசகம், ஸ்டேஷன் வாகன்களும் பந்தயக் கார்களும் இதில் அடங்கும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே உங்கள் அண்ணனின் கார் பந்தயக் கார் என்று நீங்கள் எவ்வளவு உறுதியாக நிரூபித்தாலும், அது காராகவே வகைப்படும். காருக்கு உரிய கட்டுப்பாடு எல்லாமே அதற்கும் பொருந்தும்.

அந்தக் கட்டுப்பாடுகளில் முதலாவதாக உங்களைத் தடுப்பது வயது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. அப்போது வெளியான விதிகளின்படி, பாவித்த கார் ஒன்று உற்பத்தியான நாளிலிருந்து கப்பலேறும் நாள்வரை மூன்று வருடங்களைத் தாண்டியிருக்கக் கூடாது. உங்கள் கார் இருபது வருடத்தைத் தாண்டியது. 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் இந்த விதியைச் சுங்க அதிகாரி தன் விருப்பப்படி தளர்த்த முடியாது. அனுமதிப் பத்திரம் வழங்கும் அதிகாரம் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் உள்ளது. தனிப்பட்ட ஒருவர் தன் பொழுதுபோக்குக்காகக் கேட்டு, இத்தனை வயதான காருக்கு அனுமதி பெற்றதை என் தொழில் வாழ்வில் நான் கண்டதில்லை.

வயது சரியாக இருந்தாலும் அடுத்து வருவது நாணயக் கடிதம், அதாவது விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி கொடுக்கும் உத்தரவாதம். வாகனம் இறக்குவதென்றால் இங்குள்ள வர்த்தக வங்கி ஒன்றில் நாணயக் கடிதம் திறக்க வேண்டும். அண்ணன் அன்பளிப்பாக அனுப்புகிறார், பணம் கைமாறவில்லை என்பது இங்கே உங்களுக்குச் சாதகமாகாது. 2025 இல் நாணயக் கடிதம் திறந்த நாடு தொடர்பான குறைபாட்டினால் நூற்றுக்கணக்கான வாகனங்கள் துறைமுகத்தில் தேங்கி, அந்த வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போனதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். அவை அனுபவமுள்ள இறக்குமதியாளர்கள் கொண்டுவந்தவை. அவர்களுக்கே அந்த நிலை.

அதன் பிறகு வரி. 2025 இல் சுங்க வரி 20 சதவீதம், அந்த வரியின் மேல் 50 சதவீத மேலதிகக் கட்டணம், பின்னர் உற்பத்தி வரி, விலை உயர்ந்த கார்களுக்குச் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத பெறுமதி சேர் வரி. இவற்றுள் உற்பத்தி வரி என்ஜினின் கன சென்றிமீற்றர் கணக்கில் அறவிடப்படுவது. காரின் விலை குறைவு என்பதற்காக அது குறையாது. இரண்டு லீற்றர் என்ஜின் என்றால், அந்த ஒரு வரியே லண்டனில் உங்கள் அண்ணன் அந்தக் காரை விற்கக்கூடிய விலையைப் பல மடங்கு தாண்டிவிடும்.

கடைசியாக, இலக்கத் தகடு வேண்டாம் என்றீர்கள். இறக்கிய வாகனத்தை 90 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்யாவிட்டால், அதன் சீ.ஐ.எப். பெறுமதியில் (விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த தொகையில்) 3 சதவீதம் மாதந்தோறும் தண்டமாகும் என்பதும் அதே 2025 விதிகளில் உள்ளது. வாகனங்களை இறக்கிப் பதுக்கி வைத்து விலை ஏற்றுவதைத் தடுக்கக் கொண்டுவந்த விதிதான் அது. ஆனால் பதிவே செய்யாமல் ஒரு காரை வைத்திருக்க எண்ணும் உங்களைப் போன்றவருக்கும் அது நேரே வந்து முட்டும்.

மெல்பேர்ணில் களுவாஞ்சிக்குடியான் எழுதியது:

தம்பியின் அண்ணன் கேள்விப்பட்டது பொய்யல்ல, ஆனால் அது இங்குள்ள ஏற்பாடு. அவுஸ்திரேலியாவில் 2018 ஆம் ஆண்டின் வீதி வாகனத் தரநிலைச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் பந்தயக் கார்களுக்கும் றாலிக் கார்களுக்கும் தனியான இறக்குமதி அனுமதி உண்டு. கப்பலேற்றுவதற்கு முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் உண்மையிலேயே போட்டியில் ஓடுபவர் என்பதையும், கார் அந்தப் போட்டிக்குத் தகுந்ததாக ஆயத்தமாக்கப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். அப்படி வந்த காரைச் சாதாரண வீதிப் பாவனைக்குப் பதிவுசெய்ய முடியாது. அதற்கும் மேலாக, பிரேக் பட்டைகளிலோ என்ஜின் கஸ்கட்டுகளிலோ அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா என்று எல்லைப் படையினர் சோதிப்பார்கள். பழைய கார்கள் பல இந்த ஒரு காரணத்தால் மாதக்கணக்கில் நின்றிருக்கின்றன.

அமெரிக்காவில் வேறு கதை. அங்கே 25 வருடம் கடந்த கார் பாதுகாப்புத் தரநிலைகளிலிருந்து விலக்குப் பெறும். அதற்குக் குறைந்த வயதுடைய வெளிநாட்டுக் காரைப் போட்டிக்காகக் கொண்டுவர வேண்டுமென்றால், வீதிப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும், சுற்றாடல் முகவரகத்திடம் தனியாகப் பந்தய விலக்கும் பெற வேண்டும். கனடாவில் அந்த வயது எல்லை 15 வருடம். ஸ்காபரோவில் உள்ள நம்மவர்கள் பலர் ஜப்பானின் வலப்பக்கச் சுக்கான் கார்களை வைத்திருப்பது அதனால்தான். அவர்கள் அதை வைத்துக்கொண்டு ‘இங்கே முடியும், அங்கே ஏன் முடியாது’ என்று தொலைபேசியில் கேட்பார்கள்.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இந்த மூன்று நாடுகளும் பழைய காரைத் தடுப்பது பாதுகாப்புக்காகவும் புகைக்காகவும். வீதிக்கு வராத காரால் அந்த ஆபத்து இல்லை என்று காட்டினால் விலக்குக் கிடைக்கிறது. இலங்கை தடுப்பதற்கு அந்நியச் செலாவணி முக்கிய காரணம். கார் வீதியில் ஓடினாலும் கராஜில் நின்றாலும் டொலர் நாட்டை விட்டுப் போனது போனதுதான். ஆகவே ‘வீதிக்கு வர மாட்டேன்’ என்ற உங்கள் நேர்மையான வாதம், இலங்கையின் சட்டம் கேட்கும் கேள்விக்கு விடையாக அமையவில்லை. இதைச் சொல்வதற்கு எனக்கு மனவருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் நோக்கம் தெளிவானது.

கல்லடிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 87.03 பற்றி எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. முற்பணம் கட்டவில்லை, இனிக் கட்டவும் மாட்டேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்று, காரை அங்கேயே பிரித்து, என்ஜின் ஒரு பெட்டியாகவும் உடற்பகுதி வேறொரு பெட்டியாகவும் உதிரிப்பாகங்கள் என்று அனுப்பினால் என்ன ஆகும்? எங்கள் பகுதியில் இப்படிச் செய்தவர்கள் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். இரண்டு, அண்ணன் விடுமுறையில் வரும்போது தன் காரைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து, சில மாதங்களின் பின் திருப்பி எடுத்துச் செல்ல முடியுமா?

கல்முனைத் தரகர் எழுதியது:

தம்பி, முதலாவதை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒத்திசைவுக் குறியீட்டின் பொது விளக்க விதிகளில் 2(அ) என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் பிரித்த நிலையில் வந்தாலும், முடிவடையாத நிலையில் வந்தாலும், முழுப்பொருளின் அடிப்படைத் தன்மை அதில் இருந்தால் அது முழுப்பொருளாகவே வகைப்படும் என்பது அதன் சாரம். இரண்டு கொள்கலனில் வந்த ஒரே காரின் அடிச்சட்ட இலக்கத்தையும் என்ஜினையும் பொருத்திப் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர் சுங்க அதிகாரிகள். பொய்யான பிரகடனம் என்று முடிவானால் பொருள் பறிமுதலாகும். அதோடு பெறுமதியின் மும்மடங்குவரை தண்டம் விதிக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. பிரகடனத்தில் கையொப்பமிடுவது உங்கள் பெயர். முகவருடைய பெயர் அங்கே இருக்காது.

இரண்டாவது, கார்னே எனப்படும் சுங்க உத்தரவாதப் புத்தகத்தோடு வெளிநாட்டு வாகனங்கள் தற்காலிகமாக நம் நாட்டுக்குள் வருவது உண்மை. உலகம் சுற்றும் பயணிகள் தங்கள் வாகனத்தோடு அறுகம்பைக்கு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர் தானே பாவித்து, தானே திருப்பிக் கொண்டுபோவதற்கான ஏற்பாடு. இங்கு வசிக்கும் நீங்கள் அந்தக் காரில் போட்டி ஓடினால் அண்ணனின் உத்தரவாதப் பணம் ஆபத்துக்குள்ளாகும். இரண்டு தடவை கப்பல் கூலி வேறு. வாகனக் கப்பல்கள் கொழும்புக்கோ அம்பாந்தோட்டைக்கோதான் வரும். 2013 இல் திறந்த நம்முடைய ஒலுவில் துறைமுகம் மணல் மூடிக் கிடப்பதால், அம்பாந்தோட்டையிலிருந்து மட்டக்களப்புவரை ஏற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மகாஓயாப் பாதை எழுதியது:

நான் அம்பாறையில் வாகன இயந்திரத் திருத்துநர். பதினொரு வருடங்களாகத் தியத்தலாவை, மின்னேரியா, நுவரெலியா என்று ஓட்டுநர்களுக்குத் துணையாகக் கருவிப் பெட்டியோடு போய் வந்தவன். கார் இறக்குவது பற்றி மேலே ஐயா சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ எனக்குத் தகுதியில்லை. நான் சொல்ல விரும்புவது வேறு. அந்தக் கார் இங்கே வந்தாலும் உங்கள் முதல் காராக அது பொருத்தமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டுப் போட்டிகளில் பெரும்பகுதி செம்மண்ணிலும் சரளையிலும் நடப்பவை. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில், மின்னேரியாவின் கன்னர்ஸ், சாலியபுரவின் கஜபா எல்லாம் அப்படித்தான். ஈபி3 தாழ்வாக நிற்கும் கார். அதன் சஸ்பென்ஷன் அளவுகளும் ரயரும் இங்கிலாந்தின் மழமழப்பான தார்த் தடத்துக்கு ஏற்றபடி அமைந்தவை. தார்ப் போட்டி என்று பார்த்தால், விமான ஓடுபாதையான கட்டுக்குருந்தையும், 1934 இல் தொடங்கிய மகாகஸ்தொட்டை மலையேற்றமும், அதைப் போன்ற சிலவும்தான் மிஞ்சும். வருடத்தில் இரண்டு மூன்று நாட்களுக்காக, உதிரிப்பாகம் ஒவ்வொன்றையும் கடல் கடந்து வரவழைக்க வேண்டிய ஒரு காரைக் கல்லடியில் வைத்திருப்பீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கார்த்திகையில் தொடங்கித் தைவரை மழை. அந்த உப்புக் காற்றில் நிற்கும் காரின் அடித்தகட்டை நீங்களே கராஜில் எத்தனை தடவை வெட்டி ஒட்டியிருப்பீர்கள்.

இப்போது இங்குள்ள ஓட்டுநர்கள் எதில் ஓடுகிறார்கள் என்று பாருங்கள். போர்ட் லேசர், மஸ்டா வகுப்பு என்றே தனியாக ஒரு வகுப்பு இருக்கிறது. பழைய மினி கார்களுக்கு மினி செவன் என்ற வகுப்பு இருக்கிறது. இவையெல்லாம் ஏற்கெனவே நாட்டில் உள்ள, பதிவுப் புத்தகம் உள்ள, எந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையிலும் பாகம் தேடக்கூடிய கார்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் நடந்தால் கியர்பெட்டி ஒன்றோடு திரும்பி வரலாம். போட்டி முடிந்த இரவில் வளைந்துபோன லோவர் ஆர்மை (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை) மறுநாள் மாற்ற முடிகிற கார்தான் ஓட்டுநரை வளர்க்கும். ஓட்டப் பழகுவதற்கு எத்தனை சுற்று ஓடினோம் என்பது முக்கியம், காரின் பெயர் அந்த அளவுக்கு முக்கியமில்லை. இந்தியாவில் மாருதி 800 இன் என்ஜினைப் போட்டு போர்மியுலா மாருதி என்று கார் செய்து, அதில் ஒரு தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தார்கள். அதை வடிவமைத்த கரிவர்தனின் பெயரில்தான் கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்துத் தடம் இன்று இருக்கிறது.

ஆகவே அண்ணனிடம் காரை அனுப்பச் சொல்ல வேண்டாம். காரை அங்கே விற்று, அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் இங்கே கிடைப்பதற்கு அரிதான பாதுகாப்புப் பொருட்களை வாங்கித் தரச் சொல்லுங்கள். கார்ப் பந்தயத்துக்கான தலைக்கவசம், உலக மோட்டார் பந்தய அமைப்பான எப்.ஐ.ஏ.யின் 8859-2015 அல்லது தலைக்கவசங்களைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ.2020 என்ற முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் உதவாது, ஏனென்றால் தீயைத் தாங்கும் சோதனையும் இரும்புக் குழாயில் மோதும் சோதனையும் அதற்குச் செய்யப்படுவதில்லை. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி. எப்.ஐ.ஏ. 8855-1999 முத்திரையுள்ள இருக்கை. 8853-2016 முத்திரையுள்ள ஆறு முனைப் பட்டி. பட்டியிலும் இருக்கையிலும் காலாவதித் திகதியையோ உற்பத்தித் திகதியையோ பார்க்காமல் வாங்கக் கூடாது. இருக்கைக்கு உற்பத்தியிலிருந்து ஐந்து வருடம்தான் கணக்கு. பாவித்த பொருளை மலிவாக வாங்கி, போட்டி நாள் காலையில் பரிசோதகர் அதைத் திருப்பி அனுப்பியபோது கண்கலங்கிய ஒருவரை நான் அறிவேன். இவற்றுக்கும் வரி உண்டு, அதை ஐயாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இவற்றுக்கு வயதுத் தடையோ பதிவோ இல்லை.

கார் புரண்டாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்க உள்ளே பொருத்தும் குழாய்ச் சட்டமான பாதுகாப்புக் கூட்டை மட்டும் இங்கேயே செய்யலாம், ஆனால் சரியான குழாயில் செய்ய வேண்டும். எப்.ஐ.ஏ.யின் சர்வதேச விதியின் இணைப்பு ஜே, உறுப்புரை 253 சொல்வது இதுதான். முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையம் 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2.0 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, மூட்டில்லாமல் குளிர்நிலையில் இழுக்கப்பட்ட காபன் உருக்குக் குழாயாக இருக்க வேண்டும். ஏனைய பகுதிகள் பலவற்றுக்கு 38 க்கு 2.5 அல்லது 40 க்கு 2.0 போதும். தண்ணீர்க் குழாயில் கூடு செய்து, மேலே வர்ணம் பூசி, பார்வைக்கு அழகாக வைத்திருக்கும் கார்களை நம் மாகாணத்திலேயே கண்டிருக்கிறேன். மூட்டுப் பிரிந்து மடங்கும்போது அந்தக் குழாய் ஓட்டுநரின் பக்கமாகவே வரும். கூடே இல்லாததை விட அது ஆபத்தானது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி நான் தியத்தலாவையில் இருந்தேன். அன்று தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து முதலில் தெரிந்தது தூசு மட்டும்தான். சத்தம் அடங்கிய பிறகு எழுந்த அலறலை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. திரும்பிப் போனபோது, காரின் ஒவ்வொரு ஆணியையும் இரண்டு தடவை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு சிறிய விடயத்தையும் சேர்த்துவிடுகிறேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற தரத்திலுள்ள எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான எல்லை 155 பாகைதான். நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு மழைக்காலம் நின்ற காரை, எண்ணெய் மாற்றாமல் மலை இறங்கும் தடத்துக்குக் கொண்டுபோனால், மூன்றாவது சுற்றில் பெடல் தரையைத் தொடும். ஒவ்வொரு போட்டிக்கும் முன் முழுவதையும் மாற்றுங்கள்.

வந்தாறுமூலை எழுதியது:

எனக்குக் கார் திருத்தத் தெரியாது, ஆனால் தடத்தில் ஓட்டும் ஆசை இருந்தது. சென்ற வருடம் சென்னைக்குப் போய், இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தடத்தில் பயிற்சிப் பள்ளியொன்றின் காரில் இரண்டு நாட்கள் ஓட்டினேன். 1990 இல் திறந்த தடம் அது, சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர். அதற்கு முன் சென்னைக்காரர்கள் சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தினார்களாம். நம்முடைய கட்டுக்குருந்தையை எண்ணிப் பார்த்தேன். கார், தலைக்கவசம், உடை, பயிற்றுநர் எல்லாம் அவர்கள் தருவது. தமிழிலேயே விளங்கப்படுத்தினார்கள். பலாலியிலிருந்து விமானத்தில் போனால் பயணம் குறுகியது. கார் ஒன்றைக் கட்டும் செலவில் ஒரு சிறு பங்கு கூட ஆகவில்லை. தொடக்கத்தில் நான் பிரேக்கை எவ்வளவு முன்கூட்டியே அழுத்துகிறேன் என்பதைப் பயிற்றுநர் பக்கத்தில் இருந்து காட்டியபோதுதான், வீதியில் வேகமாக ஓட்டத் தெரிந்தது தடத்தில் எந்தக் கணக்கிலும் வராது என்பதை விளங்கிக்கொண்டேன். கார் கட்டி முடிப்பதற்கு முன் ஒரு தடவை போய் வாருங்கள்.

கல்லடிக்கரை எழுதியது:

எல்லோருடைய பதில்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நேற்றிரவு அண்ணனோடும் பேசினேன். அவருக்குக் கவலைதான், இருந்தாலும் ஏற்றுக்கொண்டார். காரை அங்கேயே விற்கப் போகிறார். தலைக்கவசமும் ஹான்ஸும் ஆவணியில் வரும்போது தானே கொண்டுவருவதாகச் சொன்னார். இருக்கையையும் பட்டியையும் பற்றிக் கல்முனை ஐயாவிடம் தனியாக எழுதிக் கேட்கிறேன்.

செங்கலடியில் என் மாமாவின் வளவில் 1987 ஆம் ஆண்டின் மஸ்டா 323 ஒன்று பத்து வருடங்களாக நிற்கிறது. புத்தகம் மாமாவின் பெயரில் சரியாக இருக்கிறது, வருட வரி மட்டும் நிலுவையில் உள்ளது. என்ஜின் சுற்றுகிறது. அவர் அதை எனக்குத் தரச் சம்மதித்துவிட்டார். முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு, கூடு செய்யும் வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். மகாஓயா அண்ணா, குழாய் வாங்குவதற்கு முன் காரில் எதையாவது பார்க்க வேண்டுமா?

மகாஓயாப் பாதை எழுதியது:

கட்டாயம் பார்க்க வேண்டும் தம்பி. தரைவிரிப்பையும் அதற்குக் கீழுள்ள தார் ஒட்டையும் முழுவதும் கழற்றிவிட்டு, இருக்கைத் தாங்கிகளைச் சுற்றியும், கதவுக்குக் கீழ் ஓடும் சில் பகுதியின் உட்புறத்தையும், பின் சக்கர வளைவுகளையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கூட்டின் ஒவ்வொரு காலும் 120 சதுர சென்றிமீற்றருக்குக் குறையாத, 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டின் மேல் நிற்க வேண்டும். அந்தத் தகட்டை உக்கிய இரும்பில் ஒட்டினால் எவ்வளவு நல்ல குழாய் போட்டும் பயனில்லை. சுத்தியல் பட்ட இடத்தில் சத்தம் மந்தமாக வந்தால், அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு போட்ட பிறகே அளவெடுங்கள். அடுத்த ஞாயிறு செங்கலடிப் பக்கம் ஒரு வேலையாக வருகிறேன். மாமாவுக்குச் சம்மதமென்றால் காரை ஜக்கில் உயர்த்தி வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.